மீன்தொட்டி உடைந்துவிடுமோ என்ற பயமும் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி வீட்டின் முதல் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர்கள். எங்கள் கூடத்தில் சுவரை ஒட்டி நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று நிற்கிறது. அதில் இரண்டு ஆஸ்கார் மீன்கள், ஒரு சக்கர் மீன். மகனுடைய ஆசைக்காக வாங்கிய தொட்டி. நாளடைவில் தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் என் வேலையாகின. ஆஸ்கார் ஆள் பார்த்துப் பழகும் மீன். நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தாலே இரண்டும் முன் கண்ணாடிக்கு வந்துவிடும். அவற்றின் மேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு.

அந்தத் தொட்டி இதுவரை உடைந்ததில்லை. ஆனால் உடைந்துவிடும் என்ற பயம் என்னை நெடுங்காலம் ஆட்டிப் படைத்தது. என் கணவருக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. அவர் இரவு ஷிப்டுக்குப் போகும் நாட்களில் வீட்டில் நானும் மகனும் அத்தையும் மட்டும். அத்தைக்கு மூட்டு வலி. கூடத்தில்தான் கட்டில் போட்டுப் படுப்பார், தொட்டிக்கு எதிரே. நள்ளிரவில் கண்ணாடி விரிசல் விடும், தண்ணீர் அவர் மேல் பாயும், கீழே இறங்கி வீட்டுக்காரர்களின் பூஜை அறைக் கூரை வழியாகச் சொட்டும் என்று வரிசையாகக் காட்சிகள் ஓடும். இதே பயத்தோடு இருக்கும் சிலரை மீன் கடையில் சந்தித்திருக்கிறேன். வெளியே சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பயம் தொடங்கியது ஒரு காணொளியிலிருந்து. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு ஹோட்டல் கூடத்திலிருந்த உருளை வடிவ மீன்காட்சித் தொட்டி வெடித்துச் சிதறியது. சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர், ஏறத்தாழ 1,500 மீன்கள். இரண்டு பேருக்குக் காயம். பள்ளியிலிருந்து வந்த மகன் கைப்பேசியில் அந்தச் செய்தியைக் காட்டினான். அதன் பிறகு கைப்பேசியைத் திறந்தாலே எங்கெங்கோ வீடுகளில் தொட்டி உடையும் காணொளிகளாக வந்து நின்றன. ஒன்றைப் பார்த்தால் அடுத்ததை நீட்டுவது அந்தச் செயலிகளின் இயல்பு. உடையாமல் அமைதியாக நிற்கும் தொட்டியை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை. அதனால் உலகத்தில் தொட்டிகளெல்லாம் உடைந்துகொண்டே இருப்பதாக மனம் நம்பத் தொடங்கியது. முதலில் நான் நிறுத்தியது அந்தக் காணொளிகளைத்தான். இந்தப் பயம் இருக்கும் எவரும் அவற்றை ஒன்றுகூடப் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பெர்லின் தொட்டி ஆக்ரிலிக்கால் ஆனது, பல மாடி உயரம் கொண்டது. நம் வீட்டுத் தொட்டி இடுப்பளவு ஸ்டாண்டின் மேல் நிற்கும் கண்ணாடிப் பெட்டி. இரண்டுக்கும் பொருளும் வேறு, தாங்க வேண்டிய அழுத்தமும் வேறு. இதை யாராவது சொன்னால் அன்று நான் கேட்டிருக்க மாட்டேன். நானே கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் மனதில் இறங்கியது. அந்தக் கணக்கை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். தண்ணீர் 40 சென்டிமீட்டர் வரை நிற்கும். அப்படியென்றால் 216 லிட்டர், அதாவது 216 கிலோ. கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். தண்ணீரின் அழுத்தம் உயரத்தை மட்டும் பொறுத்தது. தொட்டி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பது ஓரிடத்தின் அழுத்தத்தை மாற்றாது. முன் கண்ணாடி முழுவதையும் வெளியே தள்ளும் மொத்த விசை எங்கள் தொட்டியில் சுமார் 96 கிலோ எடைக்கு ஈடானது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் இந்த விசை தண்ணீர் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. தண்ணீரை 40-லிருந்து 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் 96 கிலோ 54 ஆகிவிடும். கால் பங்கு தண்ணீரை எடுத்தால் கண்ணாடியின் மேலுள்ள சுமை ஏறக்குறைய பாதியாகிறது. பாதித் தண்ணீரை எடுத்தால் சுமை கால் பங்குதான். எனக்கு இதைவிடத் தெம்பு தந்த செய்தி வேறில்லை. எப்போது சந்தேகம் வந்தாலும் ஒரு குழாயும் நான்கைந்து வாளிகளும் இருந்தால் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் வழி என் கையில் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. முழுத் தண்ணீரும் கொட்டிவிட்டால் என்ன ஆகும்? என் கற்பனையில் அந்த வெள்ளம் முழங்கால் அளவுக்கு நின்றது. எங்கள் கூடம் 12-க்கு 15 அடி. 216 லிட்டரை அதில் பரப்பினால் உயரம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அறைக் கதவுகள் திறந்திருந்தால் அதுவும் இருக்காது. துடைப்பத்தால் பால்கனித் துளைக்குத் தள்ளிவிடக்கூடிய தண்ணீர். கண்ணாடித் துண்டும் மின்சாரமும்தான் அந்த நேரத்தில் உண்மையான ஆபத்து, வெள்ளம் அல்ல. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெளிந்த பிறகு எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெளிந்தது.

முதலில் தளம். குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ நடமாட்டச் சுமை தாங்கும்படி கணக்கிட்டுக் கட்டுவது வழக்கம். தொட்டி அரைச் சதுர மீட்டரில் 300 கிலோவை இறக்குகிறது என்பதால் அதை அறை நடுவில் வைப்பது சரியல்ல. சுவரை ஒட்டி, கீழே சுவரோ பீமோ இருக்கும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, பூஜை அறையின் சுவர் இந்தச் சுவருக்கு நேர் கீழே வருகிறது என்று காட்டினார். இதைவிடப் பெரிய தொட்டி என்றால் பொறியாளரைக் கேட்காமல் மாடியில் வைக்கவே கூடாது.

அடுத்தது ஸ்டாண்ட். தொட்டி செய்து கொடுத்த கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். "அக்கா, கண்ணாடி எடைக்குப் பயப்படாது. கோணலான தரைக்குத்தான் பயப்படும்." நான் பிறகு படித்ததும் அதையேதான் சொன்னது. சமமான தளத்தில் நிற்கும் கண்ணாடி பெரும் எடையைத் தாங்கும். ஒரு மூலை சற்றுத் தூக்கியிருந்தாலோ, அடியில் ஒரு சிறு மணல் பரல் சிக்கியிருந்தாலோ, விசை முழுவதும் அந்தப் புள்ளியில் குவிந்து என்றோ ஒருநாள் விரிசல் விடும். அதனால் ஆங்கிள் இரும்பு ஸ்டாண்டின் மேல் தடித்த பிளைவுட், அதன் மேல் தெர்மோகோல் ஷீட், அதன் மேல் தொட்டி. சிறு மேடு பள்ளங்களைத் தெர்மோகோல் வாங்கிக்கொள்ளும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்தோம். ரசமட்டம் கிடைக்காதவர்கள் தண்ணீர் நிரப்பிய பிறகு நான்கு மூலைகளிலும் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளவுகோலால் அளந்தால் போதும். நான்கும் ஒன்றாக வர வேண்டும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது துரு. உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அதே காற்றுதான் ஸ்டாண்டின் வெல்டிங் மூட்டுகளையும் தின்கிறது, அதிலும் தண்ணீர் மாற்றும்போது சிந்துகிற ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகமாக. வெளியே பெயின்ட் நன்றாகத் தெரிந்தாலும் கால்களின் அடிப்பகுதியும் பிளைவுட் உட்காரும் உள்விளிம்பும் உரிந்துகொண்டிருக்கும். எங்கள் ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் சுரண்டி, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் எனாமல் அடித்து, கால்களுக்கு ரப்பர் குல்லா போட்டு வாங்கினோம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், டார்ச் அடித்து மூட்டுகளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என்னைக் கேட்டால் நம் ஊரில் கண்ணாடியைவிட ஸ்டாண்டைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு நாள் விடியற்காலையில் கூடத்துத் தரை ஈரமாக இருந்தது. அத்தைதான் முதலில் பார்த்தார். "தொட்டி ஒழுகுகிறது போல இருக்கிறது, வந்து பார்" என்று குரல் கொடுத்தார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. இத்தனை நாள் பயந்தது நடந்துவிட்டது என்றே நினைத்தேன். கண்ணாடி ஓரங்களெல்லாம் காய்ந்திருந்தன. ஈரம் ஸ்டாண்டின் கீழ்த்தட்டிலிருந்த ஏர் பம்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரவு மின்சாரம் போயிருக்கிறது. பம்ப் நின்றதும் ஏர் டியூப் வழியாகத் தண்ணீர் தானாக இறங்கத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பம்ப் இருந்தால் இது நடக்கும். டியூபின் மறுமுனை தொட்டியின் அடியில், குமிழி விடும் ஏர் ஸ்டோனோடு கிடப்பதால் வெகுநேரம் ஓடும். பம்பைக் கீழ்த்தட்டில் வைப்பதுதான் பொதுவான வழக்கம் என்பதால் கடையிலிருந்து வந்தவரும் அப்படியே வைத்துப் போயிருந்தார்.

தீர்வு மிக எளியது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டிவிடலாம். இல்லையென்றால் டியூபின் நடுவில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடலாம். சிறு விலைக்குக் கிடைக்கும் பொருள். நாங்கள் இரண்டையும் செய்தோம். அந்த வால்வும் நாளடைவில் அழுக்கேறிப் பழுதாகும். வாயால் ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் காற்றுப் போக வேண்டும். இரு பக்கமும் போனால் மாற்றிவிட வேண்டும். வீட்டில் தொட்டி ஒழுகுகிறது என்று பதறுகிறவர்கள் கண்ணாடியைச் சந்தேகப்படும் முன் ஏர் டியூபையும், வெளியே மாட்டும் ஃபில்டரையும், மூடிக் கண்ணாடியில் படிந்து ஓரமாக வெளியே வழியும் நீர்த்துளிகளையும் பாருங்கள். பஞ்சு அடைத்துக்கொண்ட ஃபில்டர் மெதுவாக வெளிப்பக்கம் வழிய விடும்; அந்த நீர் கண்ணாடி முதுகில் இறங்கி அடியில் தேங்கும்போது, கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிகான் பசை விட்டுப்போனதாகவே தோன்றும்.

அன்றைக்கே மின்சாரப் பணியாளரை வரவழைத்தோம். தொட்டிக்குப் பின்னால் கீழே இருந்த பிளக் பாயின்ட்டைப் பக்கவாட்டில் மேலே தூக்கிவைத்தார். ஒவ்வொரு ஒயரும் பிளக்கை அடையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விட்டார். ஒயரில் வழியும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டுக்காரர் அனுமதியோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தினோம். மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி அது. மீன்தொட்டிக்காகப் போட்டது குளியலறை கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்துக் காவலாகிவிட்டது. இந்த முழு விவகாரத்திலும் நான் செலவழித்த பணத்தில் மிக நிறைவான செலவு இதுதான்.

கத்திரி வெயில் காலத்தில் வேறொரு சந்தேகம் வரும். காலையில் பார்த்தால் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். மின்விசிறி ஓடும் அறையில், காற்றுக் குமிழி வரும் தொட்டியில், தண்ணீர் ஆவியாவது சாதாரணம். ஒழுகலா ஆவியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நேர்ச் சுவருள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, தொட்டிக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் வையுங்கள். இரண்டிலும் தண்ணீர் மட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சில நாட்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவிதான். குமிழி உடைவதால் தொட்டி சற்றுக் கூடுதலாக இறங்கலாம். டப்பாவைப் போல இரு மடங்கு இறங்கினால் மட்டும் தேட வேண்டும். தேடுவதற்குச் செய்தித்தாள் போதும். தொட்டி விளிம்பைச் சுற்றிப் பிளைவுட் மேல் பரப்பிவிட்டால் ஒரு துளி பட்டாலும் காகிதம் சுருங்கி நிற்கும். காய்ந்த பிறகும் சுருக்கம் போகாது.

இவ்வளவும் செய்து முடித்தோம். பயம் போயிற்றா என்றால் போகவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

இரவில் விழிப்பு வரும். எழுந்து டார்ச் எடுத்துக்கொண்டு போய், அடி விளிம்பை விரலால் தடவி, காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன். நிம்மதி சில நிமிடங்கள் நிற்கும். பிறகு, பின்பக்க மூலையைச் சரியாகத் தடவினோமா என்று தோன்றும். மறுபடி எழுவேன். கணவர் வீட்டில் இருந்தால் அவரிடம் கேட்பேன். "ஒன்றும் ஆகாது, படு" என்பார். அந்த வார்த்தையும் சில நிமிடங்கள்தான் வேலை செய்யும். ஆஸ்கார் மீனுக்குத் திடீர் வெளிச்சம் ஆகாது. இருட்டில் டார்ச் அடித்தால் மிரண்டு துள்ளி மூடியில் மோதும். அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடி நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயத்தில் சோதிக்கப் போகிறேன், சோதிப்பதால் சத்தம் வருகிறது, சத்தத்தால் பயம் கூடுகிறது.

ஒரு கட்டத்தில் எனக்கு ஒரு வேறுபாடு புரிந்தது. வால்வு போட்டால் அது போட்டதுதான். நான் தூங்கினாலும் அது வேலை செய்யும். ஸ்டாண்டைச் சீர்செய்தால் அது நிற்கும். ஆனால் விரலால் தடவிப் பார்ப்பது எதையும் மாற்றுவதில்லை. தொட்டியைப் பலமாக்குவதும் இல்லை, ஒழுகலைத் தடுப்பதும் இல்லை. என் மனதுக்குச் சற்று ஆறுதல் கொடுத்துவிட்டு அந்த ஆறுதலை மறுபடி கேட்கவைக்கிறது, அவ்வளவுதான். ஏற்பாடு என்பது ஒன்று, சோதனை என்பது வேறொன்று. ஏற்பாடுகளை எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். சோதனைக்கு அளவு வைத்தாக வேண்டும்.

அதனால் நாளுக்கு ஒரே ஒரு சோதனை என்று வைத்துக்கொண்டேன். காலையில் மீனுக்குத் தீனி போட்ட பிறகு, வெளிச்சத்தில், நான்கு விளிம்பும் செய்தித்தாளும் வால்வும். பார்த்து முடித்ததும் நாட்காட்டித் தாளில் ஒரு குறி. இரவில் பயம் வந்தால் தலைமாட்டிலிருக்கும் நோட்டில், "பின் வலது மூலையைக் காலையில் பார்க்க வேண்டும்" என்று எழுதிவிட்டுப் படுப்பேன். எழுந்து போகக் கூடாது. முதல் சில இரவுகள் மிகவும் கஷ்டம். உடம்பே எழுந்துவிடத் துடிக்கும். மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பயம் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் நினைத்தேன். அப்படி ஆகவில்லை. ஏறி, கொஞ்ச நேரம் நின்று, நான் ஒன்றும் செய்யாமலேயே இறங்கியது. அடுத்தடுத்த இரவுகளில் ஏறும் உயரமும் குறைந்தது. கணவரிடமும் சொல்லிவைத்தேன். "நான் கேட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்லாதீர்கள். நோட்டில் எழுது என்று சொல்லுங்கள்." அவர் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அந்த ஒத்துழைப்பு இல்லாமல் என்னால் முடிந்திருக்காது.

இரவுக் காவலை ஒரு கருவியிடம் ஒப்படைத்ததும் பெரிதும் உதவியது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் சத்தம் போடும் அலாரம் மின்சாமான் கடைகளில் கிடைக்கிறது அல்லவா? அதன் இரு முனைகளையும் தண்ணீர் இணைத்தால் ஒலிக்கும். பேட்டரியில் ஓடும் வகை ஒன்றை வாங்கி, முனைகளை ஸ்டாண்டின் அடியில் ஒரு தட்டில் தரையைத் தொடும்படி ஒட்டிவைத்தோம். ஈரத் துணியால் தொட்டுச் சோதித்தபோது தெருவுக்கே கேட்டது. காலைச் சோதனையில் வாரம் ஒருமுறை அந்த அலாரத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

கீழ் வீட்டு அம்மாவிடம் பேசியது இவற்றையெல்லாம்விடச் சுமையைக் குறைத்தது. தொட்டி இருப்பது அவருக்குத் தெரியும்; என் பயம் தெரியாது. பூஜை அறைக்கு நேர் மேலே இவ்வளவு தண்ணீரை வைத்திருக்கிறோமே என்ற குற்ற உணர்வோடு அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒதுங்கிப் போவேன். ஒரு நாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன், என்னென்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்பதையும். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நம் தலைக்கு மேல் மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி நிற்கிறது அம்மா. அதை நினைத்து நீ ஒரு நாளாவது தூங்காமல் இருந்திருக்கிறாயா?" என்று கேட்டார். இருந்ததில்லை. பழகிய ஆபத்து மனதை உறுத்துவதில்லை, புதிய ஆபத்துதான் உறுத்துகிறது என்று அப்போது விளங்கியது. பூஜை அறைக் கூரையில் ஈரத் திட்டு ஏதும் தெரிந்தால் உடனே சொல்வதாக ஒப்புக்கொண்டார். எங்கள் மாற்றுச் சாவி ஒன்றும் அவரிடம் இருக்கிறது. மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் கீழ் வீட்டாரிடம் இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அது அவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையும்கூட.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. அன்று மாலையே தொட்டித் தண்ணீரைக் கால் பங்கு குறைத்துவிட்டேன். பேட்டரி ஏர் பம்ப் ஓடியது. அது தீர்ந்த பிறகு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றேற்றினோம். தீனி போடவில்லை. நல்ல நிலையிலுள்ள வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும்; தீனி போட்டுத் தண்ணீர் கெட்டால்தான் தாங்காது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுத்து ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. வீடு வாசல் இழந்து நின்றவர்களைப் பார்த்துவிட்டு வந்த அன்று, இந்த நிலையில் உனக்கு மீன்தொட்டிக் கவலையா என்று என்னையே அதட்டிப் பார்த்தேன். அதட்டலால் கவலை அடங்குவதில்லை. கவலையோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். யாராவது உங்களிடம் தங்கள் பயத்தைச் சொன்னால் இதைவிடப் பெரிய துன்பங்களைக் காட்டி வாயடைக்காதீர்கள்.

உண்மையாகவே ஒழுகினால் என்ன செய்வது என்பதை நாங்கள் ஒரு தாளில் எழுதிப் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். முதலில் மெயின் சுவிட்சை அணைப்பது. ஈரத் தரையில் நின்றுகொண்டு பிளக்கைப் பிடுங்கக் கூடாது. எங்கள் மெயின் படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது, கூடத்தைக் கடக்காமல் போகலாம். அத்தையையும் பையனையும் உள்ளறைக்கு அனுப்புவது, காலில் செருப்பு. பிறகு குழாய் போட்டுத் தண்ணீரை வாளிகளில் இறக்குவது. முதல் வாளித் தண்ணீர் பெரிய பிளாஸ்டிக் டப்புக்கு. மீன்களுக்கு அவற்றின் பழைய தண்ணீர்தான் வேண்டும், புதுத் தண்ணீர் வேண்டாம். மீன்களை மாற்றி, டப்பை மூடி, பேட்டரி பம்பைப் போட்டுவிட்டால் அவசரம் முடிந்தது. சிலிகான் விட்டுப்போகும் தொட்டிகள் பெரும்பாலும் சொட்டுச் சொட்டாகத்தான் தொடங்கும். கண்ணாடி ஒரே நொடியில் போவது பெரும்பாலும் அடி பட்டாலோ கோணலாக நின்றாலோதான். அடிபடாமலிருக்கக் கற்களை மணல் மேல் வைக்காமல் தொட்டி அடித்தளத்தில் உறுதியாக உட்காரவைத்து அதன் பிறகு மணலைப் போட வேண்டும். ஆஸ்கார் மணலைத் தோண்டும். மணல் மேல் நின்ற கல் ஒரு நாள் உருண்டு கண்ணாடியில் சாயும்.

பழைய தொட்டி வைத்திருப்பவர்கள் உள் மூலைகளில் சிலிகான் ஓரம் தூக்கியிருக்கிறதா, அதன் அடியில் பச்சைப் பாசி ஏறியிருக்கிறதா, இரு கண்ணாடிகள் ஒட்டும் இடத்தில் வெள்ளைக் குமிழி பரவுகிறதா என்று பாருங்கள். பாசி சுரண்டும் பிளேடு மூலைக்குப் போகவே கூடாது. ஒழுகும் இடத்தில் பழைய சிலிகான் மேல் புதிதைப் பூசினால் நிற்காது. புதியது பழையதோடு ஒட்டுவதில்லை. முழுவதும் வழித்தெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவைத்து, மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிகானைப் போட வேண்டும். பூசும்போது வினிகர் போன்ற புளித்த வாடை வரும், அது இயல்பு. குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த வகை மீனைக் கொன்றுவிடும். ஒரு வாரம் காயவிட்டு, மீன் விடும் முன் வெளியே நிழலில் சமமான இடத்தில் தண்ணீர் நிரப்பிச் சில நாட்கள் பார்ப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் பயம் மாறாமல், தொட்டியிலிருந்து காஸ் சிலிண்டருக்கும் கதவுப் பூட்டுக்கும் தாவி, நாளில் பல மணி நேரத்தைத் தின்கிறது என்றால் அதற்கு மருத்துவம் இருக்கிறது. 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மீன்தொட்டியைப் பற்றி எப்படிப் பேசுவது என்று தயங்க வேண்டாம். அங்கே இருப்பவர்கள் இதைவிட விநோதமாகத் தோன்றும் பயங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுப் பழகியவர்கள்.

பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போகும்போது தண்ணீரை 30 சென்டிமீட்டருக்கு இறக்கிவிட்டு, அலாரத்தில் புது பேட்டரி போட்டு, கீழ் வீட்டு அம்மாவிடம் தீனியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவோம். நாளுக்கு ஒரு பொட்டலம், அதற்கு மேல் ஆஸ்கார் எவ்வளவு கெஞ்சினாலும் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவர் படியேறி வந்து பார்த்துவிட்டு நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் சொல்வார். நான் இரண்டாவது முறை கேட்பதில்லை.